பிணைப்புச் சமநிலை: இரண்டு மரபணுக்களைச் சேர்த்து எண்ணப் பழகுவோம்

ஒரே ஒரு மரபணுவை வைத்துக்கொண்டு ஹார்டி–வெயின்பெர்க் விதியைக் கற்றுக்கொள்வது பெரும்பாடு இல்லை. அல்லீல்களின் (ஒரு மரபணுவின் மாற்று வடிவங்களின்) நிகழ்வெண், அதாவது கூட்டத்தில் அவற்றின் பங்கு, தெரிந்தால் போதும், பெருக்கிப் பார்த்து எந்த ஜீனோடைப் (ஒருவரிடம் இருக்கும் அல்லீல் ஜோடி) எத்தனை பங்கு இருக்கும் என்று சொல்லிவிடலாம். இரண்டாவது மரபணு வந்து சேரும்போதுதான் புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுகிறார்கள். பாடம் கடினம் என்பதால் வரும் தடுமாற்றம் இல்லை இது. குரோமோசோமில் நடப்பதும் இனக்கூட்டத்தில் நடப்பதும் இங்கே ஒன்றோடொன்று குழம்பிப்போகின்றன. அந்த இரண்டையும் பிரித்து வைக்கப் பழகிவிட்டால் மீதி எல்லாம் பள்ளிக்கூடக் கணக்குதான். பெருக்கல், கழித்தல், கொஞ்சம் வகுத்தல் தெரிந்தால் இந்தக் கட்டுரையைத் தாளும் பேனாவுமாகத் தொடரலாம்.

முதலில் எதை எண்ணுவது

இரண்டு மரபணுக்களை எடுத்துக்கொள்வோம். முதல் மரபணுவின் அல்லீல்கள் க1, க2. இரண்டாவதின் அல்லீல்கள் ம1, ம2. ஒரு இனச்செல், அதாவது ஒரு விந்தணுவோ கருமுட்டையோ, இந்த இரண்டு மரபணுக்களிலும் ஆளுக்கொரு அல்லீலைத் தாங்கி வரும். ஆகவே நான்கு வகை இனச்செல்கள்தான் இருக்க முடியும்: க1ம1, க1ம2, க2ம1, க2ம2. இப்படி ஒரே இனச்செல்லில் சேர்ந்து வரும் அல்லீல் தொகுப்புக்கு ஹாப்லோடைப் என்று பெயர்.

இங்கே எண்ண வேண்டியது ஆட்களையோ தனித்தனி அல்லீல்களையோ அல்ல, ஹாப்லோடைப்களை. ஒவ்வொருவரும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு ஹாப்லோடைப்களை வைத்திருப்பதால், 50 பேரைப் பார்த்தால் 100 ஹாப்லோடைப்கள் கிடைக்கும்.

இப்போது கேள்வி இதுதான்: ஒரு இனச்செல்லில் க1 இருக்கிறது என்று தெரிந்தால், அதில் ம1 இருப்பதற்கான வாய்ப்பு கூடுகிறதா, குறைகிறதா? இரண்டுமில்லை, முதல் மரபணுவைப் பார்த்து இரண்டாவதைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது என்றால், அந்த இரண்டு மரபணுக்களும் பிணைப்புச் சமநிலையில் இருக்கின்றன. இரண்டு நாணயங்களைத் தனித்தனியாகச் சுண்டினால், ஒன்றில் தலை விழுந்தது மற்றதைப் பற்றி எதுவும் சொல்லாது அல்லவா, அதே நிலைமை. கணக்காகச் சொன்னால்:

க1ம1 நிகழ்வெண் = க1 நிகழ்வெண் × ம1 நிகழ்வெண்

மற்ற மூன்று ஹாப்லோடைப்களுக்கும் இதே போல. இந்தச் சமன்பாடு உடைந்தால் பிணைப்புச் சமநிலையின்மை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

100 ஹாப்லோடைப்களை எண்ணினோம் என்று வையுங்கள். க1ம1 26, க1ம2 34, க2ம1 4, க2ம2 36.

முதல் படி, அல்லீல் நிகழ்வெண்கள். க1 எங்கெல்லாம் வருகிறதோ கூட்டுங்கள்: 26 + 34 = 60, அதாவது 0.6. க2 மீதி 0.4. ம1: 26 + 4 = 30, அதாவது 0.3. ம2 மீதி 0.7.

அடுத்து, சமநிலை இருந்தால் என்ன வந்திருக்க வேண்டும்? 0.6 × 0.3 = 0.18 க1ம1. அப்படியே க1ம2 0.42, க2ம1 0.12, க2ம2 0.28. நான்கையும் கூட்டினால் 1 வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் எங்கோ பெருக்கல் தவறு.

மூன்றாவது, கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழியுங்கள். க1ம1: 0.26 − 0.18 = 0.08. இந்த வித்தியாசத்தைத்தான் டி என்கிறார்கள். மற்ற மூன்றுக்கும் கழித்துப் பாருங்கள்: −0.08, −0.08, +0.08. நான்கிலும் அளவு ஒன்றே, குறி மட்டும் மாறுகிறது. இது தற்செயல் இல்லை. அல்லீல் நிகழ்வெண்கள் மாறாமல் இருக்க வேண்டுமென்றால், ஒரு கட்டத்தில் கூடியது பக்கத்துக் கட்டத்தில் குறைந்தே ஆக வேண்டும். அதனால் ஒரே ஒரு எண் நான்கு ஹாப்லோடைப்களின் கதையையும் சொல்லிவிடுகிறது.

சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு: (க1ம1 × க2ம2) − (க1ம2 × க2ம1). இங்கே 0.26 × 0.36 = 0.0936, 0.34 × 0.04 = 0.0136, வித்தியாசம் 0.08. அதே விடை. இரண்டு வழியிலும் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

டி நேர்மமாக வந்ததா எதிர்மமாக வந்ததா என்பதற்கு அதிக முக்கியத்துவம் தர வேண்டாம். எந்த அல்லீலுக்கு 1 என்று பெயர் வைத்தோம் என்பதைப் பொறுத்து குறி மாறிவிடும். இரண்டு ஆய்வுகளை ஒப்பிடும்போது மட்டும் அல்லீல் பெயர்கள் ஒரே மாதிரி வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

0.08 என்பது பெரிதா, சிறிதா?

டியை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. காரணம், டி எவ்வளவு பெரிதாக முடியும் என்பதை அல்லீல் நிகழ்வெண்கள் கட்டுப்படுத்துகின்றன. அரிதான அல்லீல்களுக்கு டி எப்போதுமே சின்ன எண்ணாகத்தான் வரும். ஆகவே இரண்டு அளவீடுகள் புழக்கத்தில் இருக்கின்றன.

ஒன்று டி பிரைம். 1964-ல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் முன்வைத்தது. இந்த அல்லீல் நிகழ்வெண்களுக்கு டி அதிகபட்சம் எவ்வளவு போக முடியுமோ அதால் வகுப்பது. டி நேர்மமாக இருக்கும்போது அந்த உச்சம், க1 × ம2, க2 × ம1 ஆகிய இரண்டு பெருக்கல்களில் சிறியது. நம் கணக்கில் 0.42, 0.12; சிறியது 0.12. எனவே டி பிரைம் 0.08 ÷ 0.12 = 0.67. (டி எதிர்மமானால் க1 × ம1, க2 × ம2 இரண்டில் சிறியதை எடுக்க வேண்டும்.)

இன்னொன்று ஆர் ஸ்கொயர். 1968-ல் மரபியலாளர்கள் ஹில், ராபர்ட்சன் இருவரும் பயன்படுத்தியது. டியின் வர்க்கத்தை நான்கு அல்லீல் நிகழ்வெண்களின் பெருக்கலால் வகுக்க வேண்டும். 0.0064 ÷ (0.6 × 0.4 × 0.3 × 0.7) = 0.0064 ÷ 0.0504 = 0.127.

ஒரே தரவு, ஒரு அளவீடு 0.67 என்கிறது, மற்றது 0.13 என்கிறது. எது சரி? இரண்டும் சரி, கேள்விகள்தான் வேறு. டி பிரைம் கேட்பது: நான்கு ஹாப்லோடைப்களில் ஏதாவது ஒன்று காணாமல் போகும் எல்லைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறோம்? ஆர் ஸ்கொயர் கேட்பது: ஒரு மரபணுவைப் பார்த்து மற்றதை எவ்வளவு நன்றாகக் கணிக்கலாம்? மறுசேர்க்கையின் (இனச்செல் உருவாகும்போது தாய்வழி, தந்தைவழி அல்லீல்கள் புதிதாகக் கலந்து சேர்வதன்) வரலாற்றைத் தேடுபவருக்கு முதலாவது உதவும். எளிதில் அடையாளம் காணக்கூடிய ஒரு டிஎன்ஏ வேறுபாட்டை வைத்து நோய் மரபணுவைத் தேடுபவருக்கு இரண்டாவதுதான் வேண்டும். என்னைக் கேட்டால், ஆரம்பத்தில் எப்போதும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். டி பிரைமை மட்டும் பார்த்து "வலுவான தொடர்பு" என்று சொல்லிவிடுவது ஆபத்து. மாதிரி சிறிதாகவும் ஒரு அல்லீல் அரிதாகவும் இருந்தால், ஒரு ஹாப்லோடைப் நம் கண்ணில் படாமல் போவதாலேயே டி பிரைம் 1-ஐத் தொட்டுவிடும்.

அப்புறம், இந்த வித்தியாசம் எண்ணும்போது தற்செயலாக வந்ததா என்றும் கேட்க வேண்டும். அதற்கு ஆர் ஸ்கொயர் ஒரு குறுக்குவழி தருகிறது. ஹாப்லோடைப்களின் எண்ணிக்கையால் அதைப் பெருக்கினால் கை-ஸ்கொயர் மதிப்பு (வித்தியாசம் தற்செயலா என்று சோதிக்கும் புள்ளியியல் எண்) கிடைக்கும். 100 × 0.127 = 12.7. இந்த மாதிரிக் கணக்குக்கு (ஒரு சுதந்திர அளவு என்பார்கள்) 5 சதவீத எல்லை 3.84; தற்செயலாக அதைத் தாண்டும் வாய்ப்பு 5 சதவீதம்தான். நம் மதிப்பு அதைத் தாண்டிவிட்டது. இதே விகிதங்கள் 20 ஹாப்லோடைப்களில் வந்திருந்தால் 2.5தான், எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. கையில் இருக்கும் மாதிரியில் டி மிகச் சரியாகப் பூஜ்யம் வருவது அபூர்வம். சமநிலை இருக்கிறதா என்று சொல்ல இந்தச் சோதனை தேவைப்படுவது அதனால்தான்.

தலைமுறை தலைமுறையாக என்ன நடக்கிறது

இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

பெரிய இனக்கூட்டம், இணைசேர்தலில் தேர்வு இல்லை, இயற்கைத் தேர்வு, சடுதிமாற்றம், இடப்பெயர்வு எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தலைமுறையின் ஒரு இனச்செல்லைக் கையில் எடுக்கிறோம். அது உருவானபோது இரண்டு மரபணுக்களுக்கும் இடையில் மறுசேர்க்கை நடந்திருக்கலாம், நடக்காமலும் இருக்கலாம். நடக்கும் வாய்ப்பை மறுசேர்க்கை விகிதம் என்போம்.

நடக்கவில்லை என்றால் இந்த ஹாப்லோடைப் பெற்றோரிடமிருந்து அப்படியே வந்தது. அது க1ம1 ஆக இருக்கும் வாய்ப்பு போன தலைமுறையில் இருந்த அதே அளவு. நடந்தது என்றால் க அல்லீல் ஒரு பெற்றோரின் தாய்வழிக் குரோமோசோமிலிருந்தும், ம அல்லீல் தந்தைவழிக் குரோமோசோமிலிருந்தும் (அல்லது மாற்றி) வந்திருக்கும். அந்தக் குரோமோசோம்கள் தற்செயலாகச் சந்தித்தவை. ஆகவே க1ம1 ஆகும் வாய்ப்பு வெறும் பெருக்கல்தான். இரண்டையும் சேர்த்து எழுதினால், மறுசேர்க்கை நடந்த பங்கில் டி முழுக்க அழிந்துபோகிறது, நடக்காத பங்கில் அப்படியே மிஞ்சுகிறது:

புதிய டி = பழைய டி × (1 − மறுசேர்க்கை விகிதம்)

அவ்வளவுதான். இதற்கிடையில் க1, ம1 ஆகியவற்றின் நிகழ்வெண்கள் அசையவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அல்லீல்கள் அதே அளவில் இருக்க, அவை யாரோடு சேர்ந்து பயணிக்கின்றன என்பது மட்டும் மாறுகிறது.

நம் 0.08-ஐ இதில் போடுவோம். இரண்டு மரபணுக்களும் வேறு வேறு குரோமோசோம்களில் இருந்தால் மறுசேர்க்கை விகிதம் 0.5. டி ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகும்: 0.04, 0.02, 0.01, 0.005. பத்துத் தலைமுறையில் 1,024-ல் ஒரு பங்குதான் மிஞ்சும். விகிதம் 0.1 என்றால் பத்துத் தலைமுறைக்குப் பிறகும் 35 சதவீதம் மீதம், ஏறக்குறைய 0.028. விகிதம் 0.01 என்றால் பாதியாகவே 69 தலைமுறைகள் வேண்டும். மனிதர்களில் ஒரு தலைமுறையை 25 முதல் 30 ஆண்டுகள் என்று எடுத்தால் அது 1,700 முதல் 2,100 ஆண்டுகள் வரை. மனித ஜீனோமில் 0.01 என்ற விகிதம் சராசரியாகச் சுமார் 10 லட்சம் பேஸ் ஜோடி (டிஎன்ஏவின் எழுத்து ஜோடி) தூரத்துக்குச் சமம். அதைவிட நெருக்கமான இடங்களில் மிகப் பழைய நிகழ்வுகளின் தடயம் இன்னும் அழியாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

ஹார்டி–வெயின்பெர்க் சமநிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது ஒரே தலைமுறையில் வந்துவிடும். பிணைப்புச் சமநிலை அப்படி இல்லை; வேறு வேறு குரோமோசோம்களில் இருந்தால்கூடப் பாதி பாதியாகத்தான் நெருங்கும். ஏன்? புதிய சேர்க்கை உருவாக வேண்டுமென்றால் இரண்டு மரபணுக்களிலும் இரு வகை அல்லீல்களையும் வைத்திருக்கும் ஆட்கள் வேண்டும். அவர்களின் இனச்செல்களிலும் அதிகபட்சம் பாதிதான் புதிய சேர்க்கையாக இருக்கும்.

பலரும் குழம்பும் இடம்

பிணைப்பு என்பது குரோமோசோமைப் பற்றிய செய்தி: இரண்டு மரபணுக்களும் எவ்வளவு அருகில் இருக்கின்றன, மறுசேர்க்கை விகிதம் எவ்வளவு. பிணைப்புச் சமநிலை என்பது இனக்கூட்டத்தைப் பற்றிய செய்தி: இன்றைக்கு ஹாப்லோடைப்கள் எப்படிப் பரவியிருக்கின்றன. முதலாவது, இரண்டாவது எவ்வளவு வேகமாக வந்து சேரும் என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. வந்து சேர்ந்துவிட்டதா என்பது வரலாற்றைப் பொறுத்தது.

ஆகவே அருகருகே இருக்கும் மரபணுக்கள் முழுச் சமநிலையில் இருக்கலாம், போதுமான காலம் கடந்திருந்தால். வேறு வேறு குரோமோசோம்களில் இருப்பவை சமநிலை இல்லாமல் இருக்கலாம், அண்மையில் ஏதாவது நடந்திருந்தால். "டி பூஜ்யம், எனவே இவை பிணைந்தவை அல்ல" என்று எழுதினால் அது தவறு. "டி பெரிது, எனவே இவை ஒரே குரோமோசோமில் இருக்கின்றன" என்பதும் தவறுதான்.

இன்னொரு தவறு: ஒவ்வொரு மரபணுவும் ஹார்டி–வெயின்பெர்க் சமநிலையில் இருக்கிறது, ஆகவே சேர்த்துப் பார்த்தாலும் சமநிலைதான் என்று நினைப்பது. இனச்செல்களில் பாதி க1ம1, பாதி க2ம2 என்று வைத்து, அவற்றைத் தற்செயலாகச் சேரவிடுங்கள். க மரபணுவைத் தனியாகப் பார்த்தால் 25, 50, 25 சதவீதம், கச்சிதம். ம மரபணுவும் அப்படியே. ஆனால் டி 0.25, இருக்கக்கூடிய உச்சம்.

டி பூஜ்யம் இல்லை என்றால் காரணம் தேடுங்கள்

முதலில் சந்தேகிக்க வேண்டியது கலப்பு. இரண்டு இனக்கூட்டங்கள். முதலாவதில் க1, ம1 இரண்டும் 0.9. இரண்டாவதில் இரண்டும் 0.1. தனித்தனியாக இரண்டும் பிணைப்புச் சமநிலையில் இருக்கின்றன: முன்னதில் க1ம1 0.81, பின்னதில் 0.01. இப்போது சரிபாதியாகக் கலக்கிறோம். க1ம1 நிகழ்வெண் 0.41. அல்லீல்கள் இரண்டும் 0.5 என்பதால் எதிர்பார்ப்பு 0.25. டி = 0.16! யாரும் எந்த மரபணுவையும் தொடவில்லை. அவை வேறு வேறு குரோமோசோம்களில்கூட இருக்கலாம். கலந்ததாலேயே சமநிலை உடைந்துவிட்டது. இரண்டு கூட்டங்களின் அல்லீல் நிகழ்வெண்கள் இரண்டு மரபணுக்களிலும் வேறுபட்டால் மட்டுமே இது நடக்கும். ஒன்றில் சமமாக இருந்தாலும் கலப்பு டியை உருவாக்காது. நோய்க்கும் மரபணுவுக்கும் தொடர்பு தேடும் ஆய்வுகளில் மாதிரிகள் எந்தக் கூட்டங்களிலிருந்து வந்தன என்று அவ்வளவு கவனமாகப் பார்ப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரு தரவைத் திறந்ததும் நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வியும் இதுதான்: இது ஒரே கூட்டமா?

அடுத்தது சடுதிமாற்றம். புதிய அல்லீல் பிறக்கும்போது ஒரே ஒரு குரோமோசோமில்தான் பிறக்கிறது. அந்தக் குரோமோசோமில் அக்கம்பக்கத்தில் என்ன அல்லீல்கள் இருந்தனவோ அவற்றோடு மட்டும்தான் அது சேர்ந்திருக்கும். 1978-ல் கான், டோசி என்ற ஆய்வாளர்கள் இருவரும் அரிவாள்செல் ஹீமோகுளோபின் மரபணுவுக்குப் பக்கத்தில் ஒரு டிஎன்ஏ வேறுபாட்டைக் கண்டார்கள். ஆப்பிரிக்க வம்சாவளி அமெரிக்கர்களிடம் அந்த வேறுபாடு பெரும்பாலும் அரிவாள்செல் அல்லீலோடு சேர்ந்தே வந்தது. அது நோயை உண்டாக்கவில்லை, வெறும் பக்கத்து வீட்டுக்காரன். ஆனாலும் கருவிலேயே நோயைக் கண்டறிய அது வழிகாட்டியது.

இயற்கைத் தேர்வும் இதைச் செய்யும். வளர்ந்த பிறகும் பாலைச் செரிக்க உதவும் அல்லீல் ஐரோப்பியர்களிடம் வேகமாகப் பரவியபோது, தன்னைச் சுற்றியிருந்த டிஎன்ஏவையும் இழுத்துக்கொண்டே பரவியது. மறுசேர்க்கை அதை வெட்டிப் பிரிக்க நேரம் கிடைக்கவில்லை. அதனால் அங்கே சுமார் 10 லட்சம் பேஸ் ஜோடி நீளத்துக்கு ஒரே ஹாப்லோடைப் தெரிகிறது. நீளமான ஹாப்லோடைப் அதிக நிகழ்வெண்ணில் இருந்தால் அண்மைக்காலத் தேர்வைச் சந்தேகிக்கலாம் என்ற முறை இந்த எண்ணத்தில் பிறந்ததுதான்.

சிறிய இனக்கூட்டங்களில் மரபியல் நகர்வே போதும். ஒரு சில இனச்செல்கள் தற்செயலாகக் கூடுவதால் டி உருவாகிக்கொண்டே இருக்கும், மறுசேர்க்கை அழித்துக்கொண்டே இருக்கும். தன்மகரந்தச் சேர்க்கை செய்யும் தாவரங்களில் இரு வகை அல்லீல்களையும் வைத்திருக்கும் செடிகளே குறைவு என்பதால், குறுக்கேற்றம் (குரோமோசோம் ஜோடி துண்டுகளை மாற்றிக்கொள்வது) நடந்தாலும் பெரும்பாலும் புதிய சேர்க்கை பிறப்பதில்லை. நெல்லில் டி நெடுந்தூரம் நீடிப்பதற்கும், அயல்மகரந்தச் சேர்க்கை செய்யும் மக்காச்சோளத்தில் சீக்கிரம் தேய்வதற்கும் இது பெரிய காரணம். குரோமோசோமின் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருந்தால் அந்தப் பகுதியில் மறுசேர்க்கை ஏறக்குறைய நின்றுவிடும். அதையும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள்.

தரவு கைக்கு வரும்போது ஒரு நடைமுறைச் சிக்கல்

மேலே ஹாப்லோடைப்களை நேரடியாக எண்ணினோம். ஆய்வகத்திலிருந்து வருவது பெரும்பாலும் ஜீனோடைப். ஒருவர் க1க2, ம1ம2 என்று வந்தால், அவருடைய குரோமோசோம்கள் க1ம1, க2ம2 ஆகியவையா, க1ம2, க2ம1 ஆகியவையா? ஜீனோடைப்பை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. மற்ற எட்டு ஜீனோடைப் வகைகளிலும் இந்தக் குழப்பம் வராது, இது ஒன்றில்தான். அவர்களைப் பாதி பாதியாகப் பிரித்துவிட்டால் டி உண்மையைவிடச் சிறிதாக வரும். பெற்றோரின் ஜீனோடைப் கிடைத்தால் பெரும்பாலும் தீர்த்துவிடலாம். இல்லையென்றால் மீதியுள்ளவர்களின் ஹாப்லோடைப் நிகழ்வெண்ணை வைத்து ஊகித்து, அந்த ஊகத்தால் நிகழ்வெண்ணைத் திருத்தி, மாற்றம் நிற்கும் வரை திரும்பத் திரும்பச் செய்யும் முறை இருக்கிறது. பிளிங்க் போன்ற மென்பொருள்கள் இதைச் செய்து தருகின்றன. ஆனால் முதல் சில தரவுகளைக் கையால் போட்டுப் பாருங்கள். மென்பொருள் தரும் எண்ணை நம்பலாமா என்று அப்போதுதான் தெரியும்.

சரி, பயிற்சிக்கு இரண்டு தரவுகள். இரண்டிலும் 100 ஹாப்லோடைப்கள், வரிசை க1ம1, க1ம2, க2ம1, க2ம2.

முதலாவது: 28, 12, 42, 18.
இரண்டாவது: 40, 0, 30, 30.

இரண்டிலும் க1 0.4, ம1 0.7 என்று வர வேண்டும். முதலாவதில் எதிர்பார்ப்பு 0.28, கிடைத்ததும் 0.28, டி பூஜ்யம். இரண்டாவதில் டி 0.12, டி பிரைம் 1, ஆர் ஸ்கொயர் 0.29. அல்லீல் நிகழ்வெண்கள் அச்சு அசலாக ஒன்று, ஹாப்லோடைப்களின் நிலையோ இரண்டு துருவம். இரண்டாவதில் க1ம2 ஒன்றுகூட இல்லை. நான்கில் மூன்று ஹாப்லோடைப்கள்தான் இருக்கின்றன என்றால், இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே மறுசேர்க்கை நடந்ததாக எடுத்துக்கொள்ள இந்த மாதிரியில் எந்த ஆதாரமும் இல்லை. இரண்டு சடுதிமாற்றங்களே இந்தப் பரவலை முழுவதுமாக விளக்கிவிடும். எந்த அல்லீல் முதலில் பிறந்திருக்கும், எந்தக் குரோமோசோமில் இரண்டாவது பிறந்திருக்கும் என்று வரைந்து பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட விடை பொருந்தும்.